நத்தைக் கதையும் புளியங்கொட்டைப் பசையும்

என் அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. எனக்கும் பத்துதான். அவள் இரண்டு மாதம் மூத்தவள் என்று அத்தை சொன்ன உடனேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அதுவரை அந்த வீட்டில் அண்ணனும் நானும்தான்; பெண்பிள்ளை என்றால் நான் ஒருத்திதான்.

அத்தையை மைசூர்ச் சீமையில் ஆனேக்கல் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா காய்ச்சலில் போய்விட்டார். பொங்கல் கழிந்ததும் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போய் இருவரையும் அழைத்து வந்தார். பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் ஊர். வண்டி வந்து நின்ற அன்று ஊரே எங்கள் வாசலில் நின்றது. அத்தை அழுதுகொண்டே இறங்கினாள். பின்னால் இறங்கியவள் அழவில்லை. கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு எங்கள் காளையைக் காட்டி, இதற்கு ஏன் ஒரு கொம்பு மட்டும் வளைந்திருக்கிறது என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சிரித்துவிட்டார். துக்க வீட்டில் அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

அதிலிருந்து ஒரே பாய், ஒரே சீப்பு. அவள் பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு கன்னட வார்த்தை வரும். அதைக் கேட்பதற்கென்றே பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். அப்பா களத்திலிருந்து வந்ததும் அவளைக் கூப்பிட்டு, ஏதாவது சொல்லும்மா என்பார். அவளும் சொல்வாள். நான் அங்கேயேதான் இருப்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே யாராவது முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. "இவ வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கிட்டே பொறந்தவ" என்று அப்பா வேடிக்கையாகத்தான் சொல்வார். அவள் வருவதற்கு முன்னாலும் அதைச் சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் ஓடு போட்ட ஒரே நீள அறை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். சேலத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் இருந்தார். வெள்ளைப் புடவை, கையில் ஒரு குடை. நான் அப்போது நாலாவது. வயதைக் கேட்டுவிட்டு அவளையும் நாலாவதிலேயே உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்தில் பாடம் என்றால் ஒருவர் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்வதுதான். புத்தகமும் ஆளுக்கொன்று கிடையாது. யுத்த காலம். துணிக்கும் தட்டுப்பாடு, காகிதத்துக்கும் தட்டுப்பாடு. ஒரு புத்தகத்தை நாலு பேர் வைத்துக்கொண்டு முறை போட்டுப் படிப்போம். அவள் எப்போதும் கடைசி முறையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஆனாலும் எங்களைவிடத் தெளிவாகப் படிப்பாள். கணீரென்று இருக்கும் குரல். டீச்சர் மற்ற வகுப்பின் கணக்கைத் திருத்திக்கொண்டே தலையை நிமிர்த்திக் கேட்பார். நான் படிக்கும்போது அவர் நிமிர்ந்ததில்லை.

மாதம் ஒருமுறை தருமபுரியிலிருந்து சந்தை வண்டியில் ஒரு தகரப் பெட்டி வரும். அங்கே ஒரு வாசகசாலை இருந்தது. அதை நடத்தியவர் சுற்றியுள்ள ஊர்ப் பள்ளிகளுக்கு இப்படிப் பெட்டியில் புத்தகம் அனுப்பிவைப்பார். இருபது புத்தகம் இருக்கும். படம் போட்டவை, கதைகள், பறவைகளைப் பற்றி, பிராணிகளைப் பற்றி. பல ஊர்க் கை பட்டு வருவதால் பாதிக்கு மேல் கிழிந்திருக்கும். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அதே வண்டியில் திருப்பி அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ஊரிலுள்ள சின்னப் பிள்ளைகளையெல்லாம் டீச்சர் பள்ளிக்கு வரச் சொல்லுவார். ஒன்றாவது படிப்பவை, இன்னும் பள்ளியில் சேராதவை, மூக்கு ஒழுகுபவை, தங்கச்சியை இடுப்பில் தூக்கி வருபவை எல்லாம் வரும். பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கதை படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகு அந்தக் கதையில் வந்ததைப் பிள்ளைகள் கையால் செய்ய வேண்டும். கதையில் வண்டி வந்தால் சோளத்தட்டை வண்டி. தட்டையின் தோலை உரித்து மெல்லிய குச்சியாகக் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றில் குத்திக் குத்திச் சேர்த்தால் சக்கரம், நுகத்தடி எல்லாம் வந்துவிடும். கிளி வந்தால் பனையோலைக் கிளி. யானை, குதிரை என்றால் ஏரிக் களிமண். கதையைக் காதால் கேட்டது போதாது, கைக்கும் போக வேண்டும் என்பது டீச்சரின் கட்சி. தான் படித்தால் பிள்ளைகள் பயந்து உட்கார்ந்திருக்கும், இன்னொரு பிள்ளை படித்தால்தான் கேட்கும் என்றும் சொல்வார்.

படிக்கிறவள் அந்தத் தகரப் பெட்டியின் மேல் உட்காருவாள். அறையில் நாற்காலி ஒன்றுதான். அது டீச்சருடையது. அதனால் பெட்டி மேல் இடம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. அந்த வருஷம் அதுவரை உட்கார்ந்திருந்த பெண் சமைந்து வீட்டோடு நின்றுவிட்டாள். அடுத்து யார் என்று டீச்சர் கேட்டார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். இதுவரை வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பெட்டியில் இருந்த இருபதையும் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களிலேயே படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். எந்தக் கதையில் பிள்ளைகள் சிரிக்கும், எதில் பயப்படும் என்று மனதுக்குள் வகைப்படுத்திக்கூட வைத்திருந்தேன். கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கை மடியிலேயே கிடந்தது. அவள் எழுந்து நின்றாள். வந்து ஒரு மாதம் ஆகவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்து, "உனக்குக் கை சுத்தம். நீ கிழிஞ்சத ஒட்டிக் குடு" என்றார். மற்றவர்களுக்கு இது பெருமையாக இருந்திருக்கும். எனக்கு, வாய் இல்லாதவளுக்குக் கை என்று கேட்டது.

பசை செய்ய டீச்சர்தான் கற்றுக் கொடுத்தார். மைதா எல்லாம் அப்போது கண்ணில் பட்டதில்லை. எங்கள் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. வறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, தோலைக் கழித்துவிட்டு, அம்மியில் மையாக அரைத்துக் காய்ச்சினால் பசை. பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போடுவோம். ஒட்டும் வேலையைப் பள்ளியில் செய்ய நேரம் போதாது என்பதால் புத்தகங்களை நான் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அவள் எடுத்துப் போகக் கூடாது. அந்த ஒன்றில் மட்டும் நான் அவளுக்கு ஒருபடி மேலே இருந்தேன்.

மாசியில் எங்கள் வீட்டு முற்றத்தில் புளி தட்டும் வேலை தொடங்கிவிடும். அம்மாவும் அத்தையும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் வட்டமாக உட்கார்ந்து, மேல் ஓட்டை நீக்கிய புளியைக் கல்லின் மேல் வைத்துச் சின்ன இரும்பால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். டக்கு டக்கு என்று அந்தச் சத்தம் ஓயாது. யார் பேசினாலும் யாருக்கும் சரியாகக் கேட்காது. அதற்குள் எனக்குக் கூச்சம் இருக்காது. ஒட்டிக்கொண்டே வாய்விட்டுப் படிப்பேன். எல்லோரும் குனிந்து வேலை பார்ப்பார்கள், என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பத்து வயதில் என் குரலை நானே கேட்டது அந்த முற்றத்தில்தான்.

அவள் மட்டும் என் தோளை உரசிக்கொண்டு ஒரு கல்லைப் போட்டு உட்காருவாள். சும்மா ஒட்டாதே, படித்துக்கொண்டே ஒட்டு என்பாள். படித்து முடித்தால் இன்னொரு தடவை படி என்பாள். சோம்பேறி, தானே படித்துப் பார்ப்பதற்கு என்ன என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் படிப்பேன். ஒருத்தி கேட்கிறாள் என்பது எனக்கும் உள்ளுக்குள் பிடித்திருந்தது.

சனிக்கிழமை வந்தால் அந்தப் பிடித்தம் எல்லாம் போய்விடும். பெட்டி மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, புத்தகத்தை விரித்துப் பிடித்து, அவள் தொடங்குவாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். காகம் என்றால் காகமாகவே கழுத்தைச் சாய்ப்பாள். நான் ஓரத்தில் களிமண் பிசைந்துகொண்டிருப்பேன். கதை முடிந்ததும் பிள்ளைகள் என்னிடம் மண்ணை வாங்கிக்கொண்டு அவளைச் சுற்றிப் போய் உட்காரும். வாலை எப்படி வைக்க வேண்டும் என்று அவளைத்தான் கேட்கும். அவளுக்குக் களிமண்ணில் ஒரு எலிகூடச் செய்ய வராது.

இரண்டாவது பெட்டியில் ஒரு நத்தைக் கதை இருந்தது. அக்கரை ஊர்க் கல்யாணத்துக்குப் புறப்பட்ட நத்தை வழியில் ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசிப் போய்ச் சேருவதற்குள், கல்யாணப் பெண்ணின் குழந்தைக்குக் காது குத்து நடக்கும். நடுவில் ஒரு பக்கத்தின் மூலை கிழிந்து போயிருந்தது. நத்தை எப்படி ஆற்றைத் தாண்டியது என்பது அந்த மூலையோடு போய்விட்டது. நான் வெற்றுக் காகிதத் துண்டு ஒன்றை அங்கே ஒட்டினேன். முற்றத்தில் படிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்த மனமில்லாமல், வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் படித்தேன். நத்தை, கரையில் நின்ற எருமையைப் பார்த்து, "அத்தே, மொய் எழுதப் போறேன், உங்க கொம்புல கொஞ்சம் எடங் குடுங்க" என்கிறது. எருமை, "ஏறிக்க மருமவளே, ஆனா தல சீவியிருக்கேன், கலைச்சிடாத" என்கிறது. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நான் இட்டுக்கட்டியது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் தருமபுரி வாசகசாலைக்காரர் நேரில் வரப் போவதாக டீச்சர் சொன்னார். பிள்ளைகள் எப்படிக் கேட்கின்றன என்று பார்க்க வருகிறாராம். நத்தைக் கதையைத்தான் படிக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, தானும் வந்து மருமகள் படிப்பதைக் கேட்கப் போவதாகச் சொன்னார். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று ஒருமுறை வந்தவர்தான். நாலு வருஷத்தில் அதற்குப் பிறகு பள்ளி வாசலை மிதித்ததில்லை.

நான் முற்றத்துக்குப் போனேன். புத்தகத்தை எடுத்தேன். எருமையை நான் நுழைத்த பக்கத்தையும் அதற்கு எதிர்ப்பக்கத்தையும் ஓரத்தில் பசை தடவிச் சேர்த்து ஒட்டிவிட்டேன். அவள் அந்த இடம் வந்ததும் திணற வேண்டும். பிரிக்கத் தெரியாமல் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்பா அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். பிறகு ஈரத்துணி வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அரிசிக் கஞ்சிப் பசையானால் அப்படிப் பிரிந்திருக்கும். இது புளியங்கொட்டை. காய்ந்தால் பிரிந்து வராது, காகிதம்தான் கிழியும். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். வாசகசாலைக்காரர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். டீச்சர் அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்திருந்தார். அவள் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து தொடங்கினாள். நத்தை புறப்பட்டது. எறும்பிடம் பேசியது, தவளையிடம் பேசியது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஒட்டிய பக்கம் வந்தது. நான் மண்ணைப் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

அவள் நிற்கவில்லை. ஒட்டிய இரண்டையும் ஒன்றாகவே திருப்பிவிட்டு, ஆற்றங்கரைக்கு வந்தாள். எருமையைக் கூப்பிட்டாள். "ஏறிக்க மருமவளே, ஆனா தல சீவியிருக்கேன், கலைச்சிடாத" என்று எருமைக் குரலில் கழுத்தை நீட்டிச் சொன்னாள். பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சிரித்தன. டீச்சர் சிரித்தார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் உடம்பெல்லாம் கொதித்தது. அது என் எருமை. என் வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகுதான் வேறொன்று உறைத்தது. அந்த வார்த்தை புத்தகத்திலேயே கிடையாது. இருந்த மற்ற வரிகளும் ஒட்டிய பக்கங்களுக்குள் மூடிக் கிடக்கின்றன. அப்படியானால் அவள் எதைப் பார்த்துப் படிக்கிறாள்?

கதை முடிந்ததும் வாசகசாலைக்காரர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அந்த எருமை வருகிற இடத்தைத் தான் எத்தனையோ தடவை இந்தப் புத்தகத்தைப் பார்த்தும் கவனிக்கவில்லையே என்றார். பக்கத்தைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். இரண்டு தாள் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்படியே டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் வேறொரு புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தை விரித்து, இதைப் படி என்று அவளிடம் கொடுத்தார். அவள் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். "எனக்குத் தமிழ் எழுத்து தெரியாதுங்க டீச்சர். அங்க கன்னடந்தாங்க எழுதிப் போட்டாங்க" என்றாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பி, இந்தத் தாள் எப்படி ஒட்டியது என்று கேட்டார். பசை ஈரமாக இருக்கும்போதே புத்தகத்தை மூடிவிட்டேன் என்றேன். நம்பினாரோ, நம்பாமல் விட்டாரோ, இன்றுவரை தெரியாது. அடுத்த வாரம் யார் படிப்பது என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தடவை என் கை மேலே போய்விட்டது.

அவளை யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வாசகசாலைக்காரர் போகும்போது அவள் தலையில் தட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா அத்தையிடம் பெருமையாகச் சொன்னார்: "எழுத்தே தெரியாம இத்தினி சொல்லுதே, தெரிஞ்சா இன்னும் என்னா பண்ணுமோ." நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நான் கையைத் தூக்கியதை அவர் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முற்றத்தில் அவள் வழக்கம்போல் என் பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். இரும்பை எடுத்தவள் தட்டவில்லை.

"ஈரத்தோட மூடிட்டியா?" என்றாள்.

நான் பசைச் சட்டியைக் கிளறினேன்.

"நீ படிச்சத நான் கேட்டேன். நான் சொன்னத அதுங்க கேட்டுது. இதுல ஒனக்கு என்னா புள்ள கொறஞ்சு போச்சு?"

"எரும நான் சொன்னது. புத்தகத்துல இல்ல."

அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்தாள். "அதான் அது மட்டும் நல்லாருந்துது" என்றாள். பிறகு, "அத நீ அங்க வந்து சொல்லியிருப்பியா?" என்றாள்.

தட்டத் தொடங்கினாள். அன்றிலிருந்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானாகவே ஒன்றிரண்டு நாள் படித்துப் பார்த்தேன். அவள் எழுந்து போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன். கீழே இருந்து பார்க்கும்போது அவ்வளவு உயரமாகத் தெரிந்ததில்லை. முப்பது முகம் என்னைப் பார்த்தது. முதல் வரியைப் படித்தேன். எனக்கே கேட்கவில்லை. சத்தமாக என்றார் டீச்சர். சத்தமாகத்தான் படித்தேன் என்று நினைத்தேன். முன்வரிசையில் இருந்த குட்டி ஒன்று, "இந்தக்கா வாய் மட்டும் அசயிது டீச்சர்" என்றது. எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு வரி விடாமல், கமாவுக்கும் புள்ளிக்கும் நிறுத்திப் படித்து முடித்தேன். முடித்துத் தலை நிமிர்ந்தபோது பாதிப் பிள்ளைகள் இல்லை.

வெளித் தாழ்வாரத்தில் அவள் உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். என் பழைய வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். கதை ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. கோணல் மாணலாக ஒரு நாயைப் பிடித்து வைத்து, அது யார் வீட்டு நாய், நேற்று யாரைக் கடித்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கே அவ்வளவு கூட்டம்.

டீச்சர் அவளை மத்தியானங்களில் ஒன்றாவது பிள்ளைகளோடு உட்கார வைத்து மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பத்து வயதுப் பெண் நண்டுஞ்சிண்டுகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதுவதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு அதில் வெட்கமே இல்லை. பங்குனி முடிவதற்குள் எழுத்துக் கூட்டினாள். சித்திரை பாதியில் புத்தகம் படித்தாள். மெய்யாகவே படித்தாள். நான் அவள் பின்னால் நின்று, விரல் எங்கே போகிறது என்று பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கோடை விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை, பெட்டியைச் சந்தை வண்டியில் ஏற்ற வேண்டிய நாள். எனக்கு முன்னால் நாலு பிள்ளைகள் இருந்தன. அதில் ஒன்று தூங்கிவிட்டது. தாழ்வாரத்தில் ஒரே கூச்சல். டீச்சர் என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல், மெதுவாகப் பேசினார்.

"அவளுக்கு இப்போ படிக்க வந்துடுச்சு. ஸ்கூல் தெறந்ததும் அவளத் திரும்ப உக்கார வெக்கட்டுமா? நீ பழையபடி ஒட்டிக் குடு. ஒன்னாட்டம் யாரு ஒட்டறா?"

அவர் கேட்டது நியாயம்தான். எனக்கும் தெரிந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. எனக்கும் அந்தக் காலை வேளைகள் தண்டனையாகத்தான் இருந்தன. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், இறங்கிவிடலாம்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

டீச்சர் மறுபடி வற்புறுத்தவில்லை. சரி, உன் இஷ்டம் என்று போய்விட்டார். ஐந்தாவது முடிந்து என்னை நிறுத்தும் வரைக்கும், ஒரு சனிக்கிழமை தவறாமல், அந்தப் பெட்டி மேல் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நாலு பிள்ளைகள், சில வாரம் இரண்டு. மற்றதெல்லாம் தாழ்வாரத்தில்.

அவள் பிறகு என் அண்ணனையே கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான்தான் வேறு ஊருக்குப் போனேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனால் வண்டி நிற்பதற்குள் அவை குதித்து அவளிடம் ஓடும். நான் மூட்டையை இறக்கிக்கொண்டு நிற்பேன். இறங்கிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று வயதான பிறகு என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் குறைந்திருக்காது. ஆனாலும் டீச்சர் இன்றைக்கு வந்து கேட்டாலும் தலையை அப்படித்தான் ஆட்டுவேன்.